எஞ்சிய நேரத்தின் கணக்கு

உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வாகக் கிடைத்திருக்கிறது. உடன் உட்கார்ந்து பேச மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருவர் உங்கள் வீட்டு ஆள். இன்னொருவர் நீங்கள் அண்மையில் படித்து முடித்த புத்தகத்தின் ஆசிரியர். மூன்றாமவர் இப்போதுதான் அறிமுகமானவர். அவருக்கும் உங்களுக்கும் நிறைய ஒத்துப்போகும் என்று தோன்றுகிறது. யாரைச் சொல்வீர்கள்?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சனும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்களும் 1990-களில் இந்தக் கேள்வியைப் பல வயதினரிடம் கேட்டுப் பார்த்தார்கள். இளையவர்களின் பதில் மூன்று பக்கமும் சிதறியது. வயதானவர்களில் பெரும்பாலோர் வீட்டு ஆளையே சொன்னார்கள். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதற்கு, தாத்தா புது ஆட்களிடம் ஒட்டமாட்டார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளே சொல்லுமே என்று கேட்கலாம்.

ஆனால் அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. "உங்கள் டாக்டர் போன் செய்கிறார். மருத்துவத்தில் ஒரு புதிய வழி வந்திருக்கிறது. நீங்கள் நினைத்ததைவிட 20 ஆண்டு கூடுதலாக, ஓரளவு நல்ல உடம்போடு இருக்கப்போகிறீர்கள். இப்போது அந்த அரை மணி நேரம் யாரோடு?" இப்படிக் கற்பனை செய்யச் சொன்னதும் வயதானவர்களின் பதிலும் சிதறிவிட்டது. புத்தகம் எழுதியவரைப் பார்க்கவும் புதியவரோடு பேசவும் அவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. இளையவர்களிடம் இதைத் திருப்பிப் போட்டார்கள். "கொஞ்ச நாளில் நீங்கள் தன்னந்தனியாக வெகுதூரம் குடிபோகிறீர்கள்" என்றதும் அவர்கள் வயதானவர்களைப் போலவே வீட்டு ஆளைச் சொன்னார்கள்.

கற்பனைக் கேள்விக்குக் கற்பனைப் பதில் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, ஹாங்காங்கில் வரலாறே ஒரு சோதனையை நடத்திக்கொடுத்தது. 1997 ஜூலை 1 அன்று அந்த நகரம் பிரிட்டனின் கையிலிருந்து சீனாவின் கைக்குப் போக இருந்தது. ஹெலன் ஃபங் என்ற ஆய்வாளரும் கார்ஸ்டென்சனும் அங்குள்ளவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். கைமாறுவதற்கு ஓராண்டு இருக்கும்போது இளையவர்கள் இளையவர்களைப் போலவே பதில் சொன்னார்கள். இரண்டே மாதம் இருக்கும்போது அவர்களும் நெருக்கமானவர்களையே நாடினார்கள். பழகிய ஒரு காலம் முடியப்போகிறது என்ற நினைப்பு அந்த வேலையைச் செய்தது. எல்லாம் முடிந்து ஓராண்டு ஆனபின் கேட்டபோது இளையவர்களின் பதில் பழையபடி ஆகிவிட்டது.

இந்த முடிவுகளைத் தீர்மானித்தது வயது இல்லை. இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி இருக்கிறது என்ற மனக்கணக்கு. நேரம் முடிவின்றி நீண்டு கிடப்பதாகத் தோன்றும்போது மனம் சேர்த்து வைக்கப் பார்க்கிறது: புது ஆட்கள், புதுத் தகவல், பின்னால் உதவும் என்ற தொடர்புகள். நேரம் குறைவு என்று தெரிந்ததும், இன்றைக்கு எது மனதுக்கு நிறைவு தருமோ அதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறது. எண்பது வயதுக்காரர் சங்கக் கூட்டத்தை விடுவதும், துபாய்க்கு விமானம் ஏறப்போகும் பையன் கடைசி வாரம் முழுக்க அம்மாவின் அடுக்களையைச் சுற்றிச்சுற்றி வருவதும் ஒரே கணக்குத்தான். சமூக உணர்வுத் தேர்வுக் கோட்பாடு என்று இதற்குப் பெயர்.

முதுமையில் உலகம் சுருங்கிவிட்டது என்று நாம் இரக்கப்படுவதில் பெரும்பகுதி, அவர்கள் தாமே பார்த்துப் பார்த்துச் செய்யும் தேர்வு. அந்தத் தேர்வு அவர்கள் கையைவிட்டுப் போகும்போதுதான் மனம் சீரழிகிறது என்பதே, இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படித்ததில் எனக்குக் கிடைத்த முடிவு.

கார்ஸ்டென்சன் இந்தத் துறைக்கு வந்த கதையும் சொல்லத்தக்கது. 21 வயதில் வேன் கவிழ்ந்து பலத்த அடிபட்டு, எலும்பு முறிவு வார்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். அதே வார்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். கல்லூரிப் பேராசிரியரான தந்தை, மகளுக்குப் பொழுது போகட்டும் என்று உளவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கொண்டுவந்து கொடுத்தார். காதில் அந்தப் பாடம், கண்ணெதிரே அந்தப் பெண்கள். தளர்ச்சியில் எவ்வளவு உடம்பால் வருகிறது, எவ்வளவு சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதத்தால் வருகிறது என்ற கேள்வி அங்கேயே அவருக்குள் விழுந்துவிட்டது.

பின்னாளில் அவர் குழு 18 முதல் 94 வயது வரையிலான 184 பேருக்கு ஒரு வாரத்துக்குப் பேஜர் கொடுத்தது. ஒரு நாளில் ஐந்து முறை, எப்போது என்று தெரியாமல், அது ஒலிக்கும். ஒலித்த கணத்தில் மனதில் கோபமா, மகிழ்ச்சியா, சலிப்பா, குற்றவுணர்வா, எது எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். "பொதுவாக நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஒப்புக்கு ஒரு பதில் சொல்வார்கள், சட்டியில் குழம்பு அடிப்பிடிக்கும் நேரத்தில் பேஜர் ஒலித்தால் பொய் சொல்லத் தோன்றாது. ஐந்தாண்டு கழித்தும் பத்தாண்டு கழித்தும் அதே ஆட்களைத் தேடிப்போய் மறுபடி அளந்தார்கள். எரிச்சல், கோபம், கவலை போன்றவை தலைகாட்டுவது சுமார் 60 வயது வரை குறைந்துகொண்டே வந்து, அதன்பின் அந்த மட்டத்திலேயே நின்றது. உடம்பு தேய்ந்துகொண்டே போகையில் மனநிலை மேம்படும் இந்த முரண்பாட்டை விளக்கத்தான் ஆய்வாளர்கள் இன்னும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

அந்த ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. வயது கூடக்கூட, இனிப்பும் கசப்பும் ஒரே கணத்தில் சேர்ந்து வரும் கலப்பு உணர்வுகள் அதிகமாகப் பதிவாயின. நம் கல்யாண மண்டபங்களில் இது சாதாரணக் காட்சி. தாலி கட்டும் நேரம். முன்வரிசைப் பாட்டி அட்சதையைப் போட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறார், வாய் சிரித்துக்கொண்டிருக்கிறது. "என்னத்தே, நல்ல நேரத்துல அழுதுக்கிட்டு" என்கிறாள் மருமகள். "அழலடி. உங்க மாமா இருந்திருந்தா இந்நேரம் பந்தியில நின்னுக்கிட்டு சாம்பார் வரலைன்னு கத்திக்கிட்டிருப்பாரு" என்று பாட்டி மறுபடி சிரிக்கிறார், மறுபடி துடைத்துக்கொள்கிறார். மருமகள் பார்ப்பது அழுகையை மட்டும். பாட்டிக்கு அது இரண்டும்தான். ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை.

இது மூளை மழுங்குவதால் வரும் அமைதியாக இருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. மூளைக்குள் பாதாம்பருப்பு வடிவில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி உண்டு. உணர்ச்சியைத் தூண்டும் எதையும் கண்டால் அது விழித்துக்கொள்ளும். மாரா மேதரும் கார்ஸ்டென்சனும் மற்றவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வயதானவர்களின் அமிக்டலா மோசமான படங்களைவிட நல்ல படங்களுக்கே கூடுதலாகத் துடித்தது. அது செத்துப்போய்விடவில்லை, ஆள் பார்த்து வேலை செய்கிறது. அடுத்த ஆண்டு மேதர் இன்னொரு சோதனையை வெளியிட்டார். படம் பார்க்கும்போதே கவனத்தைச் சிதறடிக்கும் வேறொரு வேலையையும் கொடுத்ததும், நல்லதின் பக்கம் சாயும் அந்தப் போக்கு மறைந்துவிட்டது. கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் நன்றாக இருந்த முதியவர்களிடம்தான் அது பலமாகவும் இருந்தது. அதாவது நல்லதைப் பார்த்துக்கொண்டிருப்பது மூளைக்கு ஓர் உழைப்பு. சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நாம் நினைக்கும் பெரியவர் உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாருக்கும் எப்போதும் இப்படி என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். மனக்கசப்பு தரும் இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவது முதியவர்களின் பெரிய பலம். எழுந்து போக முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் அந்தப் பலம் உதவாது. ஏறிய ரத்த அழுத்தம் இளையவர்களுக்கு இறங்கும் வேகத்தில் அவர்களுக்கு இறங்காது. படுக்கையில் விழுந்த மனைவியைத் தனியாளாகப் பல ஆண்டு பார்த்துக்கொள்ளும் கணவர், தினமும் சண்டை நடக்கும் வீட்டில் வேறு போக்கிடமில்லாத மாமியார் போன்றவர்களுக்கு முதுமை எந்தச் சலுகையும் தருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். அவர்களில் தேர்ந்தெடுத்து ஒதுங்கியவர் யார், ஒதுக்கப்பட்டவர் யார் என்று வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. ஓர் அடையாளம் சொல்லலாம். கூட்டத்தை விட்டவர் பேரன் வந்தால் முகம் மலர்வார். பேரன் வந்தும் மலரவில்லை, தூக்கமும் பசியும் போய்விட்டன, வாரக்கணக்கில் அப்படியே இருக்கிறார் என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதை "வயசாச்சில்ல" என்று விட்டுவிடக் கூடாது. மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் இந்த வயதிலும் வேலை செய்யும். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும், முதியோருக்கான 14567-இலும் காசில்லாமல் பேசலாம்.

முதுமையில் பலருக்குத் துணையாகும் ஆன்மிகத்துக்கு வருவோம். இங்கே அறிவியல் எழுதுபவர்கள் ஒன்று கைகூப்பிவிடுவார்கள், அல்லது மூக்கைச் சுளிப்பார்கள். இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்து இதய ஆய்வாளர் லூசியானோ பெர்னார்டி இரண்டும் செய்யாமல் அளந்தார். 23 ஆரோக்கியமானவர்களை உட்காரவைத்து, கத்தோலிக்க ஜெபமாலையின் மரியே வாழ்க ஜெபத்தை லத்தீனிலும், 'ஓம் மணி பத்மே ஓம்' என்ற மந்திரத்தையும் சொல்லவைத்து, மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் பதிவு செய்தார். 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளிவந்தது.

சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறோம். ஜெபமோ மந்திரமோ சொல்லும்போது அது நிமிடத்துக்கு ஆறாகிவிட்டது. யாரும் மெதுவாக மூச்சு விடச் சொல்லவில்லை. வாசகத்தின் நீளமே மூச்சை அந்த அளவுக்கு வெட்டியது. ஜெபமாலையில் பாதியை ஒருவர் சொல்ல, மீதியை மற்றவர்கள் சொல்வார்கள். தன் பாதியைச் சொல்லும்போது மூச்சு வெளியே போகிறது, மற்றவர்கள் சொல்லும்போது உள்ளே வருகிறது. ஒரு சுற்று முடியச் சுமார் பத்து விநாடி.

அந்தப் பத்து விநாடியில்தான் வியப்பு ஒளிந்திருக்கிறது. நம் ரத்த அழுத்தம் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. சுமார் பத்து விநாடிக்கு ஒரு முறை தானாகவே ஏறி இறங்கும் மெல்லிய அலை ஒன்று அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. கழுத்தில் மூளைக்குப் போகும் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும், ரத்த நாளச் சுவர் எவ்வளவு விரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் நரம்பு முனைகள் உண்டு. அழுத்தம் ஏறினால் அவை மூளைத்தண்டுக்குச் சேதி சொல்ல, அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு "மெதுவாகப் போ" என்று உத்தரவு வரும். வயதாக ஆக நாளச் சுவர் விறைத்துப்போவதால் இந்தக் கட்டுப்பாடு மந்தமாகிறது. ராத்திரி பாத்ரூம் போகச் சட்டென்று எழுந்தால் பெரியவர்களுக்குக் கிறுகிறுவென்று வருவதற்கு இது ஒரு காரணம். நிமிடத்துக்கு ஆறு என்று மூச்சு ஓடும்போது, மூச்சின் அலையும் ரத்த அழுத்தத்தின் அலையும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. அந்த நரம்புக் கட்டுப்பாடு கூர்மையாகிறது. பெர்னார்டியின் கருவிகளில் பதிவானது இதுதான். வெறுமனே பேசிக்கொண்டிருந்தபோது அப்படி நடக்கவில்லை.

கந்த சஷ்டி கவசத்தையும் சகஸ்ரநாமத்தையும் தஸ்பீஹையும் அவர் அளக்கவில்லை. ஆனால் விடியற்காலையில் பாட்டி சொல்லும் எந்தப் பாராயணத்துக்கும் ஒரு மூச்சின் நீளம் உண்டு. கடிகாரத்தை வைத்து யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் 23 பேர்தான், அவர்கள் நோயாளிகளும் அல்லர். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபமாலையை எடுக்க இதில் எந்த அனுமதியும் இல்லை. பிரார்த்தனை என்பது வெறும் மூச்சுப் பயிற்சி என்றும் நான் சொல்ல வரவில்லை. பாட்டி அதைச் சொல்வது வேகஸ் நரம்புக்காக அல்ல. நரம்புக்கும் நல்லது நடந்தால் அவருக்கு ஆட்சேபணை இருக்காது.

நம்பிக்கை ஆறுதல் மட்டுமே தரும் என்று நினைப்பவர்கள் கென்னத் பார்கமென்ட்டின் ஆய்வைப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்திருந்த, 55 வயதும் அதற்கு மேலுமான 596 பேரை அவர் குழு இரண்டாண்டு தொடர்ந்தது. கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரா, அவருக்கு என்மேல் அன்பு உண்டா என்று உள்ளுக்குள் போராடிக்கொண்டிருந்தவர்களுக்கு, அதே அளவு நோய் உள்ள மற்றவர்களைவிட இறந்துபோகும் அபாயம் கூடுதலாக இருந்தது. அமெரிக்கக் கிறிஸ்தவர்களே பெரும்பாலும் இருந்த ஆய்வு அது. இருந்தாலும், "நான் என்ன பாவம் பண்ணேனோ, ஆண்டவன் இப்படிப் போட்டு வதைக்கிறான்" என்ற புலம்பல் கேட்காத ஆஸ்பத்திரி வராந்தா நம் ஊரில் இல்லை. அதைக் கேட்டதும் "அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா" என்று வாயை மூடிவிடுகிறோம். அங்கே மனதுக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கேட்டு முடிக்க ஒருவராவது உட்கார வேண்டிய இடம் அது.

கேட்பது என்றதும் பழங்கதைப் பேச்சு வரும். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், நியூ ஜெர்சியில் கோழிப்பண்ணை வைத்திருந்த தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். அவர் மருத்துவரான காலத்தில், முதியவர்கள் பழசையே பேசிக்கொண்டிருப்பது மூளைத் தளர்ச்சியின் அறிகுறி என்றே மருத்துவ உலகம் கருதியது. பேச்சை மாற்றுங்கள் என்று செவிலியர்களுக்கு அறிவுரை. பட்லர் 1963-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தலைகீழாக்கினார். முடிவு நெருங்குவதை உணர்ந்த மனம் வாழ்ந்த வாழ்க்கையை எடுத்துப் பரப்பி, தீராத சண்டைகளையும் கேட்காத மன்னிப்புகளையும் கணக்குப் பார்க்கிறது, இது இயற்கையான, தேவையான வேலை என்றார். வாழ்க்கை மீள்பார்வை என்ற சிகிச்சை முறையே அதிலிருந்து பிறந்தது. எல்லாக் கணக்கும் நல்லபடி முடிவதில்லை. சிலருக்கு இது ஆறாத வருத்தத்திலும் கொண்டுபோய் விடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கதை ஏன் எப்போதும் அந்தக் காலத்தையே சுற்றுகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. வயதானவர்களிடம் நினைவுக்கு வருவதைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 முதல் 30 வயது வரையிலான சம்பவங்கள் மற்ற காலத்தைவிடக் குவிந்து வருகின்றன. முதல் வேலை, முதல் சம்பளம், கல்யாணம், முதல் குழந்தை எல்லாம் அந்த இருபதாண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. "இதை நூறு தடவை சொல்லிட்டீங்க தாத்தா" என்பதற்குப் பதில், "அன்னைக்கு பஸ்ஸுக்குக் காசு யார் தாத்தா குடுத்தா?" என்று ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். நூற்றோராவது முறை கதை வேறு திசையில் போகும்.

தேர்வு கையைவிட்டுப் போவதைப் பற்றிச் சொன்னேன். எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடத்தி, 1976-இல் வெளியிட்ட சோதனை அதைத்தான் தொட்டது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம் என்றார்கள். ஒரு செடியை அவர்களே தேர்ந்தெடுத்து அவர்களே தண்ணீர் ஊற்ற வேண்டும். வாரத்தில் எந்த நாள் சினிமா பார்ப்பது என்றும் அவர்களே சொல்லலாம். இன்னொரு மாடியில் எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். செடியும் கொடுத்தார்கள், தண்ணீரை நர்ஸ் ஊற்றினார். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் தெரிந்தார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் மாடியில் இறந்தவர்கள் 15 சதவீதம், இரண்டாம் மாடியில் 30 சதவீதம். ஒவ்வொரு மாடியிலும் ஐம்பது பேருக்கும் குறைவு என்பதால் அந்தச் சதவீதங்களின்மேல் நான் பெரிய வீடு கட்டமாட்டேன். ஆனால் இரண்டாம் மாடி எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். "நீங்க எதுக்குப்பா பேங்குக்கு அலையணும், நான் பாத்துக்கறேன்." "காய் நறுக்க வேணாம்மா, கையை வெட்டிக்கப்போறீங்க." எல்லாம் அன்பில் சொல்வதுதான். ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு கடைசியில் அவர்கள் கையில் ரிமோட்டை மட்டும் விட்டுவைக்கிறோம்.

அதே 1976-இல் ரிச்சர்ட் ஷுல்ஸ் வெளியிட்ட சோதனையை நான் இன்னும் முக்கியமானதாக நினைக்கிறேன். முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பேசக் கல்லூரி மாணவர்கள் இரண்டு மாதம் போய்வந்தார்கள். ஒரு பிரிவினர், மாணவர் எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு வரும் நேரம் முன்கூட்டியே தெரியும். மூன்றாம் பிரிவினரிடம் திடீர் திடீரென்று போனார்கள். வந்துபோன நேரம் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் முதல் இரண்டு பிரிவினர்தான் உடலாலும் மனதாலும் தேறினார்கள். மூன்றாம் பிரிவினருக்கும், யாருமே பார்க்க வராதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிறகு சோதனை முடிந்தது, மாணவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஷுல்ஸும் பார்பரா ஹனூசாவும் பின்னாளில் திரும்பிப்போய் விசாரித்து 1978-இல் எழுதினார்கள். நன்றாகத் தேறியிருந்த அந்த இரண்டு பிரிவினர்தான் மற்றவர்களைவிட அதிகமாகச் சரிந்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வைச் செய்யலாமா என்ற அறக்கேள்வியையும் அந்தக் கட்டுரையிலேயே எழுப்பினார்கள். முதியோர் இல்லத்துக்குப் பிறந்தநாள் கேக்கோடு ஒரே ஒரு முறை போய்ப் படமெடுத்துக்கொண்டு திரும்பும் நம் கல்லூரிக் குழுக்களுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டலாம். வாரம் ஒரு போன் செய்வதானாலும், கிழமையையும் நேரத்தையும் அவர்களையே குறித்துத் தரச் சொல்லுங்கள். கூப்பிட முடியாத வாரத்தை அதற்கு முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள்.